தேய்மானம் என்ற சொல்லும் நடையை நிறுத்திய முழங்காலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் 63 வயதுப் பெண், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். பணிக்காலம் முழுவதும் நின்றபடியே பாடம் நடத்திப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகும் நாள்தோறும் காலையில் சுமார் 40 நிமிடம் நடந்துவந்தார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு பெரிய நோய் இருக்கவில்லை. 61-ஆம் வயதில் வலது முழங்காலின் உட்புறத்தில் வலி தொடங்கியது. முதலில் படி இறங்கும்போது மட்டும் தெரிந்த வலி, சில மாதங்களில் நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போதும் தெரியத் தொடங்கியது.

எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதாக அறிக்கை சொன்னது. அதைக் கையில் கொடுத்தவர், மூட்டு தேய்ந்துவிட்டதென்றும் இனிமேல் அதிகம் நடக்கவோ படி ஏறவோ வேண்டாமென்றும் சொல்லி அனுப்பியதாக இவர் நினைவுகூர்ந்தார். அன்றோடு காலை நடை நின்றது. தாய்க்கு வலிக்கக் கூடாதே என்ற அன்பில் மகள் வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். தண்ணீர்கூட இருக்கும் இடத்துக்கே வந்தது. இப்படி 14 மாதங்கள் கழிந்தபோது வலி குறைந்திருக்கவில்லை, கூடியிருந்தது. எடை 68 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு ஏறியிருந்தது. மருத்துவர் சொல்லாமலேயே, கடையில் வாங்கிய வலி மாத்திரையை நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் பழக்கமும் வந்திருந்தது. அந்த நிலையில்தான் அவர் இயன்முறை சிகிச்சைக்காக என்னிடம் வந்தார்.

முதல் சந்திப்பில் கண்டவை

அவர் கைத்தடியை வலது கையில், அதாவது வலியுள்ள காலின் பக்கத்திலேயே, பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். உட்காரும்போது கடைசிப் பகுதியில் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் நாற்காலியில் விழுவதுபோல் அமர்ந்தார். காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டபோது, பத்து நிமிடம் இருக்கும், பிறகு இளகிவிடும் என்றார். இந்த விவரம் முக்கியமானது. 45 வயதைக் கடந்தவருக்குச் செயல்பாட்டோடு சேர்ந்து வரும் மூட்டு வலி இருந்து, காலை இறுக்கம் இல்லாமலோ அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், மூட்டுத் தேய்மானம் எனப்படும் இந்நோயை எக்ஸ்ரே இல்லாமலேயே உறுதிசெய்யலாம் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலைப்பாடு. இறுக்கம் வெகுநேரம் நீடித்திருந்தாலோ, மூட்டு சூடாகச் சிவந்திருந்தாலோ, காய்ச்சலோ காரணமற்ற எடைக் குறைவோ இருந்திருந்தாலோ வேறு நோய்களைத் தேடியிருக்க வேண்டும். அத்தகைய அறிகுறி எதுவும் இல்லை.

வலது தொடையின் சுற்றளவு இடது தொடையைவிட 2 செ.மீ. குறைவாக இருந்தது. முழங்காலை முழுமையாக நீட்ட முடியவில்லை. சிறிதளவு நீர் கோத்திருந்தது. 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்ற சோதனையைக் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். கையை ஊன்றினால் விதிப்படி மதிப்பெண் 0. அவருடைய மதிப்பெண் 0. கையை ஊன்ற அனுமதித்தபோது 5 முறை எழுந்தார். 60 முதல் 64 வயது வரையுள்ள பெண்களுக்கு 12-க்குக் கீழ் எடுப்பது சராசரிக்குக் குறைவு என்று கொள்ளப்படுகிறது. நடக்கும்போது வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு 7 என்றார்.

பிறகு அவர் கொண்டுவந்த எக்ஸ்ரே படங்களைப் பார்த்தேன். மூட்டு மாற்றங்களை 0 முதல் 4 வரை தரம் பிரிக்க 1957-இல் வெளியான கெல்கிரன்–லாரன்ஸ் அளவுகோல்தான் இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அதன்படி அவருடைய வலது முழங்கால் 3-ஆம் நிலையில் இருந்தது. இடது முழங்காலும் அதே 3-ஆம் நிலையில்தான் இருந்தது. இடது முழங்கால் எப்போதாவது வலித்திருக்கிறதா என்று கேட்டேன். ஒருநாளும் இல்லை என்றார்.

முதல் முடிவு: பயிற்சிக்கு முன் பேச்சு

அன்று எந்தப் பயிற்சியும் கற்றுத் தருவதில்லை என்று முடிவு செய்தேன். பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம்: “தேஞ்சு போன காலை இன்னும் எதுக்குங்க தேய்க்கணும்?” இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எத்தனை பயிற்சிகளை எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாள் பைக்குள்தான் இருக்கும்.

நம் மொழியில் இந்நோய்க்கு வழங்கும் பெயரே அதைப் பற்றிய ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறது என்பது என் நெடுநாளைய கவலை. தேய்மானம் என்றால் செருப்பு தேய்வதும் சோப்பு தேய்வதும்தான் மனத்தில் எழும். தேய்வது ஒருநாளும் வளராது. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மட்டுமே மிஞ்சும். அந்தச் சொல்லை நம்பிய ஒருவர் காலை எடுத்துவைக்க அஞ்சுவதில் வியப்பு எதுவும் இல்லை. ஆனால் மூட்டு உயிருள்ள உறுப்பு. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. மூட்டின்மீது பாரம் ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவம் குருத்தெலும்புக்குள் போய்வருகிறது. தாங்கக்கூடிய அளவில் ஏறி இறங்கும் பாரம் அதன் எதிரி அல்ல, அதன் தேவை. மேலும் இந்நோய் குருத்தெலும்போடு நிற்பதில்லை. அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உட்சவ்வு, எலும்புகளை இணைக்கும் நார்கள், சுற்றியுள்ள தசைகள் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. அவற்றுள் தசையை எந்த வயதிலும் மீண்டும் வலுவாக்க முடியும்.

இவையெல்லாம் அவர் மனத்தில் எந்த அளவுக்குப் பதிந்தன என்று எனக்குத் தெரியவில்லை. பதிந்தது இரண்டு படங்கள்தான். வலது, இடது முழங்கால் படங்களை ஒளித்திரையில் அருகருகே வைத்து, பக்கத்தைக் குறிக்கும் எழுத்துகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வலிக்கிற கால் எது என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். தவறான படத்தைச் சுட்டிக்காட்டினார். எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றமும் உணரப்படும் வலியும் ஒன்றோடொன்று பல நேரங்களில் பொருந்துவதில்லை என்று அரை மணி நேரம் பேசிப் புரியவைப்பதை அந்த ஒரு நொடி செய்தது. ஒரே நிலையில் உள்ள இரண்டு மூட்டுகளில் ஒன்று வலியில்லாமல் இயங்குகிறதென்றால், வலிக்கிற மூட்டிலும் மாற்றக்கூடியவை இருக்கின்றன என்று பிறகு சொன்னதை அவர் மறுக்கவில்லை.

மகளையும் அதே அமர்வில் உட்கார வைத்துப் பேசினேன். அம்மாவுக்காக அவர் செய்துவந்த ஒவ்வொரு வேலையும் அம்மாவின் தொடைத் தசைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி என்று சொன்னபோது அவர் கலங்கிவிட்டார். இன்னும் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் செய்தது கவனிப்புதான். கிடைத்த அறிவுரைதான் தவறு.

வலி மாத்திரை குறித்து நான் முடிவெடுக்கவில்லை. வாய்வழி எடுக்கும் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை, இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யக்கூடியவை என்பதால், அன்றே அவருடைய மருத்துவரிடம் அனுப்பினேன். இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாததைக் கண்ட மருத்துவர் மாத்திரையை நிறுத்தி, மூட்டின்மேல் தடவும் அழற்சி எதிர்ப்பு ஜெல்லைத் தந்தார்.

திட்டமும் அதன் காரணங்களும்

முதல் வாரம் அளப்பதற்கு மட்டும். வீட்டுக்குள் எவ்வளவு நேரம் நடந்தால் வலி 5-ஐத் தாண்டுகிறது என்று குறித்துவரச் சொன்னேன். ஏறத்தாழ 9 நிமிடம் என்று குறிப்பேடு காட்டியது. எனவே ஒருமுறைக்கு 6 நிமிடம், நாளுக்கு மூன்று முறை என்று தொடங்கினோம். மூன்று சிறு நடைகள் சேர்ந்து 18 நிமிடம் ஆகின்றன; ஒரே மூச்சில் 18 நிமிடம் நடந்திருந்தால் அடுத்த நாள் அவர் நடந்திருக்க மாட்டார். வலி வந்த பிறகு நிறுத்துவதைவிட வலி வருவதற்கு முன் நிறுத்துவது அவருடைய அச்சத்தையும் மெல்லத் தணித்தது.

தசைப் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள். உயரத்தைக் கூட்டிய இருக்கையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி நிறுத்துவது, குதிகாலை உயர்த்துவது, 10 செ.மீ. உயரப் படியில் ஏறி இறங்குவது, பிடிமானத்துக்கு அருகில் ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவை. உட்கார்ந்து எழுவதை மையமாக வைத்ததற்குக் காரணம், அது பயிற்சியாகவும் அன்றாட வாழ்க்கையாகவும் இருப்பதுதான். இருக்கையின் உயரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது குறைத்துக்கொண்டே வந்தோம்.

மிதிவண்டிப் பயிற்சியையும் நீர்ப் பயிற்சியையும் எண்ணிப் பார்த்தேன். இரண்டும் நல்லவையே, உடல் எடையின் பெரும்பகுதியை மூட்டு சுமக்க வேண்டியதில்லை என்பதால் வலி மிகுந்தவர்களுக்கு எளிதாகவும் இருக்கும். ஆனால் அவர் திரும்பப் பெற விரும்பியது தன் காலை நடையை. 60 வயதைத் தாண்டிய 439 பேரிடம் 18 மாதங்கள் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வொன்றில், நடைப் பயிற்சி பெற்றவர்களும் தசைப் பயிற்சி பெற்றவர்களும் வெறும் விளக்கவுரை மட்டும் பெற்றவர்களைவிட வலியிலும் செயல்திறனிலும் மேம்பட்டிருந்தார்கள். எந்த வகைப் பயிற்சி என்பதைவிட, விடாமல் செய்வதே பெரிதாக இருந்தது. ஒருவர் விடாமல் செய்யக்கூடியது அவருக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும்.

வலிக்கு ஒரு விதி வகுத்தோம். பயிற்சியின்போது பத்துக்கு 5 வரை வலிக்கலாம். மறுநாள் காலையில் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும், முழுவதும் நிறுத்தக் கூடாது. கைத்தடியை இடது கைக்கு மாற்றினோம். வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடி இருந்தால்தான் அந்தக் கால் தரையில் ஊன்றும் நொடியில் தடியும் ஊன்றிப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். படி ஏறும்போது இடது கால் முன்னே, இறங்கும்போது வலது கால் முன்னே என்பதையும் கைப்பிடியோடு பழக்கினோம்.

எடையைப் பற்றி ஒருமுறைதான் பேசினேன். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைச் சொல்லிவிட்டு, உணவு பற்றிய பேச்சை அவருடைய மருத்துவருக்கு விட்டுவிட்டேன். ஏற்கெனவே தன் உடலைக் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் இன்னொரு குற்றத்தைச் சுமத்த விரும்பவில்லை.

ஆறாம் வாரத்துப் பின்னடைவு

ஐந்தாம் வார முடிவில் ஒருமுறைக்கு 14 நிமிடம் நடந்தார், நாளுக்கு இரண்டு முறை. நடைவலி 4-க்கு இறங்கியிருந்தது. நானும் மகிழ்ச்சியில் அந்த வாரமே நடை நேரத்தைக் கூட்டியதோடு, படியின் உயரத்தையும் 10-லிருந்து 15 செ.மீ. ஆக்கினேன். ஆறாம் வாரத்தில் அவர் குடும்பத்தோடு வெளியூர் சென்றார். வலி தெரியவில்லை, 14 மாதங்களுக்குப் பிறகு எல்லோரோடும் சேர்ந்து நடக்க முடிகிறது என்ற மகிழ்ச்சியில் 50 நிமிடத்துக்கு மேல் நடந்து, மூன்று மாடிப் படிகளும் ஏறி இறங்கினார். மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தது. வலி 8.

அவர் என்னை அழைக்கவில்லை. அடுத்த அமர்வுக்கும் வரவில்லை. ஒன்பது நாள்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படுத்திருந்தார் என்பது, நானாக மகளை அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. வந்தபோது முதலில் சொன்னது, “நீங்க சொன்னது தப்பில்லைங்க, என் கால்தான் நிஜமாவே தேஞ்சு போச்சு” என்பது. ஆறு வாரம் விலகியிருந்த சொல் ஒரே நாளில் திரும்பி வந்திருந்தது.

மூட்டு சூடாக இல்லை, காய்ச்சல் இல்லை, கெண்டைக்காலில் வீக்கமோ அழுத்தினால் வலியோ இல்லை, கால் பூட்டிக்கொள்ளவில்லை. மருத்துவரும் பார்த்து, பழகாத பாரத்தால் மூட்டின் உட்சவ்வு அழன்று நீர் கோத்திருக்கிறது என்றே முடிவு செய்தார். பயிற்சியைக் கைவிடுவதா, தொடர்வதா என்பதே அன்றைய கேள்வி. மூட்டில் நீர் கோக்கும்போது முன்தொடைத் தசை முழு வலுவோடு இயங்காதபடி நரம்பு வழியே தடுக்கப்படுகிறது. அந்த நிலையில் நீண்ட ஓய்வும் சேர்ந்தால் அடைந்த வலு வேகமாக இழக்கப்படும். எனவே பாதி அளவில் அன்றே தொடங்கினோம்: 7 நிமிட நடை, 10 செ.மீ. படி, உயர்த்திய இருக்கை. குளிர் ஒத்தடத்தை இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்றேன். நான்கு நாளில் வீக்கம் வடிந்தது. இரண்டு வாரத்தில் பழைய அளவை எட்டினார்.

இந்தப் பின்னடைவில் என் பங்கு இரண்டு. ஒரே வாரத்தில் இரண்டு வகைப் பாரத்தைக் கூட்டியது ஒன்று. வலிக்கும் நாளுக்கு விதி சொல்லிவிட்டு, வலிக்காத நாளுக்கு எதுவும் சொல்லாதது மற்றொன்று. அதுவே பெரிய பிழை. மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்தவர் ஒரு நல்ல நாள் கிடைத்தால் அதை முழுவதும் செலவழித்துவிடுவார். அது மனித இயல்பு. நான்தான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

தொடர்ந்து நடந்தவை

ஏழாம் வாரத்திலிருந்து குறிப்பேட்டில் இரண்டு நெடுவரிசைகள் சேர்ந்தன: இன்று எவ்வளவு நடந்தேன், நேற்றைவிட எவ்வளவு கூடுதல். வலி இல்லாத நாளிலும் முந்தைய வாரத்தின் மிக நீண்ட நடையைவிடச் சில நிமிடங்களுக்கு மேல் கூடாது என்று எல்லை வகுத்துக்கொண்டார். வெளியூர் செல்லும் நாளில் இடையிடையே உட்கார்ந்து, மொத்த நடையைப் பிரித்துக்கொண்டார்.

12-ஆம் வாரத்தில் கை ஊன்றாமல் 8 முறை எழுந்தார். ஆறாம் மாதத்தில் 11. சராசரிக் கோட்டுக்கு இன்னும் ஒன்று குறைவு. நடைவலி 3. வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட நடை, அதாவது 150 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு வகுத்த குறைந்தபட்ச அளவு அது. எடை 71 கிலோ. ஜெல் வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும். கைத்தடி நெடுந்தொலைவுக்கு மட்டும். முழங்காலை ஊன்றி மண்டியிடுவது இன்னும் முடியவில்லை. இறுதிவரை முடியாமலும் போகலாம் என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன்.

எக்ஸ்ரே மீண்டும் எடுக்க வேண்டுமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றேன். பயிற்சி எலும்பின் படத்தை மாற்றாது. படம் மாறவில்லை என்பதைப் பார்த்து அவர் மனம் தளர்வதற்கு மட்டுமே அது பயன்படும்.

இந்த முன்னேற்றம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத நான் துணியவில்லை. இந்நோயில் வலி ஏறி இறங்குவது இயல்பு. மக்கள் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு வருகிறார்கள், ஆகவே ஓரளவு குறைவு எப்படியும் வந்திருக்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் பயிற்சியால் வலி குறைவதன் சராசரி அளவு மிதமானதே. ஆனால் கை ஊன்றாமல் எழ முடியாத ஒருவர் 11 முறை எழுவது வலியின் ஏற்ற இறக்கத்தால் மட்டும் வருவதில்லை.

மீண்டும் செய்தால் மாற்றிக்கொள்வது

நல்ல நாளுக்கான எல்லையை முதல் அமர்விலேயே எழுதிக் கொடுப்பேன். பின்னடைவு வரும் என்பதையும், அது வந்தால் முதல் மூன்று நாள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது வருவதற்கு முன்பே சொல்லி வைப்பேன். முன்கூட்டிச் சொன்ன பின்னடைவு திட்டத்தின் ஒரு பகுதியாகத் தெரிகிறது. சொல்லாமல் வந்தது தோல்வியாகத் தெரிகிறது. இவர் ஒன்பது நாள் படுத்திருந்தது வலியால் மட்டும் அன்று.

ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுவேன்: நேரமா, உயரமா, எண்ணிக்கையா என்று. மகளிடம் குறை சொல்வதுபோல் தொடங்காமல், அம்மா தானே செய்யக்கூடிய இரண்டு வேலைகளை அவரே தேர்ந்தெடுத்துத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்பேன். பின்னாளில் அப்படித்தான் நடந்தது. தண்ணீர் எடுத்துவருவதும் மேல்மாடிக்குப் போய்வருவதும் முதலில் அம்மாவிடம் திரும்பின. வலது, இடது படங்களை அருகருகே வைப்பதை மட்டும் மாற்ற மாட்டேன். இரு மூட்டுகளிலும் ஒத்த மாற்றம் இருந்து ஒன்று மட்டும் வலிப்பவர்கள் வரும்போதெல்லாம் இப்போது அதைச் செய்கிறேன்.

தேய்மானம் என்ற சொல்லை என் பேச்சிலிருந்து எடுத்துவிட முயன்றுகொண்டிருக்கிறேன். அது எளிதன்று, வருகிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். மூட்டு வலுவிழப்பு என்று சொல்லிப் பார்க்கிறேன். வலுவிழந்தது வலுப்பெறலாம் என்ற இடம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

18-ஆம் மாதம்

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அவர் முன்னறிவிப்பின்றி வந்தார். இதுவரை வலிக்காத இடது முழங்காலில் மூன்று வாரமாக வலி. இறுக்கம் ஐந்து நிமிடம், சூடு இல்லை, சிறிது வீக்கம் இருந்து வடிந்துவிட்டது. இவற்றை நான் கேட்பதற்கு முன்பே அவரே வரிசையாகச் சொன்னார். வலி தொடங்கிய மறுநாளே நடையை 30-லிருந்து 15 நிமிடமாகக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து, இப்போது 22-க்கு ஏற்றியிருப்பதாகக் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். அந்த மூன்று வாரத்தில் அவர் நடக்காத நாள் ஒன்றுகூட அதில் இல்லை. படி இறங்கும்போது இனி எந்தக் காலை முன்னே வைப்பது என்று கேட்கத்தான் வந்திருந்தார்.